சண்டைப் பேட்டா

செங்கோடன் ஓட்டும்போது மாதையனுக்கு வாய் சும்மா இருக்காது. மாதையன் ஓட்டும்போது செங்கோடனுக்கு இருக்காது. சங்ககிரியில் புறப்பட்டு நாக்பூர், கௌகாத்தி என்று போய்த் திரும்பிய அத்தனை வருஷங்களில் அந்த லாரியின் கேபினுக்குள் அமைதி நிலவியது என்றால், இருவரில் ஒருவர் தூங்குகிறார் என்று பொருள். அப்போதும் முழு அமைதி என்று சொல்ல முடியாது. மாதையனின் குறட்டையைக் கேட்டு டயர்தான் போய்விட்டது என்று ஒருமுறை செங்கோடன் வண்டியை நிறுத்தி, இறங்கி, சக்கரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

நெடுந்தூர வண்டிக்கு இரண்டு டிரைவர். ஒருவர் ஓட்ட, ஒருவர் தூங்க, வண்டி நிற்காமல் போகும். இரண்டு பேருக்கும் முழுச் சம்பளம், வழிச்செலவுக்கு முழு பேட்டா. இது சங்கம் போராடி வாங்கிய ஒப்பந்தம். ஒப்பந்தத்தில் எழுதாத வழக்கங்களும் உண்டு. கணவாயோ நெரிசலோ வந்தால் ஓட்டுகிறவர் ஹாரனை 'பாம் பாம்' என்று இரண்டு தட்டு தட்டுவார். தூங்குகிறவர் எழுந்து வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சைடு பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்வது என்றால் மாதையன் அகராதியில் திட்டுவது.

இன்னொரு வழக்கம், கேபினுக்குள் நடந்தது படி இறங்கக் கூடாது. ஒருமுறை செங்கோடன் கண்ணசந்து, ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் இருந்த பூந்தொட்டிகளை வரிசையாகச் சாய்த்துவிட்டார். வழி நெடுக மாதையன் அவரை வைதார். ஆபீசில் விசாரித்தபோது மட்டும், "மாடு குறுக்க வந்துருச்சுங்க" என்றார்.

"என்ன மாடு?"

"செவலை மாடுங்க. ஒரு கொம்பு மொண்ணை."

கொம்பைக் கேட்டதும் ஆபீஸ் நம்பிவிட்டது. அந்தப் பூந்தொட்டிக் கதையும் மொண்ணைக் கொம்பு மாடும் அதற்குப் பிறகு அந்த கேபினுக்குள் எத்தனை முறை சண்டைக்கு வந்தனவோ, கணக்கில்லை. ஆனால் ஒருமுறைகூடப் படி இறங்கவில்லை.

சின்ன முதலாளி குகன்ராஜ் வெளிநாட்டில் படிப்பை முடித்துவிட்டு வந்தபோது கூடவே ஒரு பெட்டியும் வந்தது. வண்டிக்கு வண்டி அதைப் பொருத்தினார்கள். முன் கண்ணாடியில் கண், கூரையில் காது, ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் கீழே நாடி பார்க்கிற மாதிரி வயர்கள். ஒரு வருஷம் அது எதுவும் செய்யவில்லை. சும்மா பார்த்தது, கேட்டது.

பிறகு ஒருநாள் மிதுனா வந்தாள். பெட்டியைக் கவனித்துக்கொள்கிற இன்ஜினியர் பெண். பவானிப் பக்கம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் லேப்டாப்.

"இதுதாங்கண்ணா சாரதி. இனிமே இதுவே ஓட்டும். உங்க ரெண்டு பேரையும் பார்த்துத்தான் கத்துக்கிட்டுது."

"அப்ப நாங்க என்ன பண்றதுங்க அம்மிணி?" என்றார் செங்கோடன்.

"கையைக் கட்டிட்டு உக்காந்திருங்க."

"இவனைப் பார்த்தா கத்துக்கிச்சு?" என்றார் மாதையன். "அப்ப மாடு குறுக்க வர்ற ரோட்டுப் பக்கமெல்லாம் உடாதீங்க."

சோதனை ஓட்டங்கள் நடந்தன. செங்கோடன் டிரைவர் சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு, பந்தியில் பரிமாற விடாமல் உட்கார வைத்த சமையல்காரர் போல உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. கியர் தானாக விழுந்தது. "வலதுபுறம் வாகனம் வருகிறது" என்று சாரதி வானொலிச் செய்தி வாசிப்பது போலச் சொன்னது.

"பாரு, உன்னையவிட நல்லா ஓட்டுது" என்றார் மாதையன்.

"உன்னையவிட மரியாதையாப் பேசுது" என்றார் செங்கோடன்.

அப்படியே ஓசூர் போய் வரும்வரை இருவரும் ஓயவில்லை. வண்டியும் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. அடுத்தடுத்த ஓட்டங்களும் அப்படித்தான். ஒவ்வொரு முறை வண்டி நல்லபடியாக வந்து நின்றபோதும் செங்கோடன் இறங்கி, ஒரு கீறலாவது கிடைக்காதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

அந்த ஆடி மாதத்தோடு பழைய ஒப்பந்தம் முடிந்தது. புதியதுக்குப் பேச உட்கார்ந்தபோது குகன்ராஜ் நேராகவே சொன்னான். "ஓட்டறது மெஷினு. எதுக்கு ரெண்டு பேரு? பேருக்கு ஒருத்தர் இருக்கட்டும். கொஞ்ச நாள்ல அதுவும் வேண்டாம்."

சங்கச் செயலாளர் அர்த்தனாரி ஒல்லியான மனிதர். பேசினால் குரல் மட்டும் பெரியது. மேஜையைத் தட்டினார், எழுந்து வெளியே போனார், திரும்பி வந்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரே ஒரு டிரைவரை உட்கார வைத்து, நாமக்கல்லில் முட்டை ஏற்றி, கைபடாமல் வண்டி பெங்களூர் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் ரெட்டை டிரைவர் என்ற ஷரத்தே ஒப்பந்தத்தில் கிடையாது. பாதிப் பேர் அன்றே வீட்டுக்கு. சேராவிட்டால் ரெட்டை டிரைவர், முழுச் சம்பளம், ஐந்து வருஷத்துக்கு யாரும் வாய் திறக்கக் கூடாது.

சோதனைக்கு செங்கோடன் வண்டி. யார் உட்காருவது, யார் இறங்குவது என்று அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்றது ஆபீஸ்.

"நீ இருய்யா" என்றார் செங்கோடன். "வீட்டுல உக்காந்தீன்னா உம் பொண்டாட்டி உன்னைய ரேஷன் கடைக்கு அனுப்பியே கொன்னுருவா."

"நீ இரு. உனக்கு இதை உட்டா வேற ஒரு மண்ணும் தெரியாது."

"உனக்கு மட்டும் என்ன தெரியும்?"

"எனக்குக் கோழி வளக்கத் தெரியும்."

"கோழியையா? உன் வாய்க்கு அது முட்டையே போடாது."

மறுநாள் காலை மாதையன் யாரிடமும் சொல்லாமல் ஆபீசுக்குப் போய், முதுகு வலி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். செங்கோடனுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இத்தனை வருஷ சண்டையில் இந்த ஒன்றில்தான் மாதையன் பதில் சொல்ல இடம் வைக்காமல் ஜெயித்திருந்தார்.

புறப்படும்போது அர்த்தனாரி செங்கோடனைத் தனியே அழைத்தார். "பிரேக்கை மிதிச்சுரலாம்னு தோணும். மிதிச்சராதீங்க. கை பட்டாலும் கால் பட்டாலும் நாமளே வேணும்னு கெடுத்ததா எழுதிருவாங்க, தோத்த மாதிரி."

"தெரியுமுங்க."

முன்னால் முட்டை லாரி. பின்னால் கம்பெனிக் கார். அதில் குகன்ராஜ், மிதுனா, சங்கத்தின் சாட்சிகளாக அர்த்தனாரியும் மாதையனும்.

ராசிபுரம் கடந்தது. சேலம் கடந்தது. நான்கு வழிச் சாலை, அகலமான ரோடு, காலை வெயில். சாரதி தொந்தரவு இல்லாமல் ஓட்டியது. செங்கோடன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டில் மாதையன் விட்டுப்போன துண்டு கிடந்தது. வாயைத் திறந்து பேச ஆள் இல்லாத கேபினில் இன்ஜின் இத்தனை சத்தம் போடும் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இன்னும் கொஞ்ச தூரம். வண்டி போய்ச் சேர்ந்துவிடும். மாதையன் கோழி வளர்ப்பார். அடுத்த வருஷம் செங்கோடனும் வளர்ப்பார். ஊரெல்லாம் டிரைவர்கள் கோழி வளர்த்தால் முட்டையை யார் வாங்குவது?

தொப்பூர் கணவாய் ஏற்றம் ஆரம்பிக்கிற இடம். லாரி வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. ஒரு மொபெட்டில் கீரைக்கட்டு ஏற்றிப் போன பெரியவர் முந்திக்கொண்டு போனார். அப்புறம் லாரி நின்றே விட்டது.

'பாம் பாம்.'

செங்கோடன் திடுக்கிட்டார். அவர் எதையும் தொடவில்லை.

"காத்திருக்கவும்" என்றது சாரதி.

'பாம் பாம்.'

பின்னால் பஸ்கள் நின்றன. ஒரு டேங்கர் டிரைவர் தலையை நீட்டி செங்கோடனின் குலம் கோத்திரமெல்லாம் விசாரித்தார். மிதுனா காரிலிருந்து போன் செய்தாள்.

"அண்ணா, எதையாச்சும் தொட்டீங்களா?"

"சத்தியமா இல்லீங்க. அதுவா நின்னுட்டு அதுவா ஹாரன் அடிக்குது."

"எஞ்சின் சரியா இருக்கு, கேமரா சரியா இருக்கு. எதுக்குக் காத்திருக்குதுன்னே தெரியலீங்கண்ணா."

"பெங்களூர் போற மாதிரி தெரியல" என்று போனுக்குப் பின்னால் அர்த்தனாரியின் சந்தோஷக் குரல் கேட்டது. "சும்மா இருங்க" என்று குகன்ராஜின் குரலும் கேட்டது.

'பாம் பாம்.'

இந்தச் சந்தடியில் யாரும் கவனிக்காத ஒன்று நடந்தது. காரின் பின் சீட்டில், ஏசி காற்றில், மாதையன் நல்ல தூக்கத்தில் இருந்தார். ஹாரனின் இரண்டு தட்டு காதில் விழுந்ததும் எழுந்தார். கண் பாதிதான் திறந்திருந்தது. கார்க் கதவைத் திறந்தார், வேட்டியை மடித்துக் கட்டினார், நடந்தார். லாரியின் இடப்பக்கப் படியில் ஏறி, கதவைத் திறந்து, தன் சீட்டில் உட்கார்ந்து, துண்டைத் தோளில் போட்டார்.

"என்னய்யா, தொப்பூரா? ரைட்ல டேங்கர் நிக்குது. நடு ரோட்டுல நிறுத்தி என்ன பூசையா பண்றே? எடுய்யா, எருமை! ரெண்டாவதுல எடு!"

"எனக்குத் தெரியும், நீ மூடு!" என்று செங்கோடனின் வாயும் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

கியர் விழுந்தது. லாரி நகர்ந்தது.

"பஸ்ஸுக்காரன் வாரான், அவனை உடு!"

"அவன் என்ன உன் மச்சானா? நான் உடமாட்டேன்!"

சாரதி பஸ்ஸை விட்டது. பிறகு இருவர் சொன்னதுக்கும் நடுவில் ஒரு வேகத்தைப் பிடித்துக் கணவாயில் அழகாக ஏறியது. பாதி ஏற்றத்தில்தான் மாதையனுக்கு முழுத் தூக்கமும் கலைந்தது. "ஏய்யா, நான் எப்படா இங்க வந்தேன்?" என்றார்.

மேலே ஒரு டீக்கடையில் எல்லோரும் இறங்கினார்கள். மிதுனா லேப்டாப்பில் எதையெதையோ தட்டிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலாளி எதிரில் சிரிக்கக் கூடாதென்று டீயைக் குடித்துப் பார்த்தாள். புரையேறியது.

"சார், நாம ரோட்டைப் பார்த்து ஓட்டக் கத்துக்கும்னு நெனச்சோம். அது இவங்களையும் சேர்த்துக் கத்துக்கிச்சு. நேர் ரோடுன்னா குறட்டைச் சத்தத்துலயும் ஓட்டும், சத்தமே இல்லாமலும் ஓட்டும். கஷ்டமான எடம் வந்துட்டா ரெண்டு தட்டு தட்டணும், பக்கத்து சீட்டுல ஒருத்தர் எழுந்து வந்து திட்டணும், இவரு எதுத்துத் திட்டணும். அப்பறம்தான் வண்டி போகணும். வண்டி ஓட்டறதுன்னாலே அதுதான்னு நெனச்சுக்கிச்சு."

"இத்தனை டெஸ்ட்ல ஏன் தெரியல?"

"டெஸ்ட் அன்னிக்கெல்லாம் ரெண்டு பேரும் உள்ளதான சார் இருந்தாங்க. ஒப்பந்தப்படி."

அர்த்தனாரி இன்னொரு டீ சொன்னார். சர்க்கரை தூக்கலாக.

குகன்ராஜ் லேசில் விடுகிறவன் இல்லை. "ஒரு வருஷமாப் பேசினது பதிவாகியிருக்குதில்ல? அதைப் போட்டு உடு. ஆள் எதுக்கு?"

அதையும் பார்த்துவிடலாம் என்று மாதையனைக் கீழே நிற்க வைத்து, சமமான ரோட்டில், மாதையனின் பழைய குரலை ஓட விட்டார்கள். ஸ்பீக்கரில் குரல் வந்தது. "யோவ் டிராக்டரு! டிராக்டரு! லெஃப்ட்ல ஒடி, ஒடிய்யா, சாமீ!" கண்ணுக்கெட்டிய தூரம் வரை ரோடு காலியாகக் கிடந்தது. இல்லாத டிராக்டருக்கு சாரதி முழு மரியாதை கொடுத்து இடது பக்கம் ஒடித்து, மண்ணில் இறங்கி, ஒரு குழியில் குதித்து நின்றது. உள்ளே அட்டைகள் சரிகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பின்கதவின் இடுக்கு வழியாக மஞ்சளாக ஒழுக ஆரம்பித்தது. டீக்கடை நாய்கள் செய்தி கேட்டு வந்துவிட்டன.

"போன வருஷம் ஹைதராபாத் ரோட்டுல டிராக்டர் நெசமாவே வந்துச்சுங்க" என்றார் மாதையன், யாரும் தன்னைப் பொய்யன் என்று நினைத்துவிடக் கூடாதே என்று.

குகன்ராஜ் மிதுனாவிடம் மெதுவாகக் கேட்டான். "மறுபடி சரியாக் கத்துக்கொடுக்க முடியாதா?"

"முடியும் சார். டிரைவருங்க ஒரு வருஷம் வாயே திறக்காம ஓட்டிக் காட்டணும்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குழியில் இறங்கியதுக்குக் காரணம் மாதையனின் வாயா, அந்த வாய்க்கு ஒரு வருஷம் பயந்து நடந்த செங்கோடனின் கையா என்று இருவரும் ரோட்டோரம் நின்று முடிவு செய்துகொண்டிருந்தார்கள்.

"சரி, உடு" என்றான் குகன்ராஜ்.

முட்டை ஒழுகி முடிகிறவரை அங்கேயே நிற்க வேண்டியிருந்தது. அர்த்தனாரி மிதுனாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உனக்கு வேலை நிரந்தரமா அம்மிணி?"

"இல்லீங்க. சாரதி முழுசாக் கத்துக்கற வரைக்கும்தான்."

"அப்பறம்?"

"அப்பறம் வேற ஊரு, வேற பெட்டி. கெடைச்சா."

"சங்கம் ஏதாச்சும்...?"

"எங்களுக்கு ஏதுங்க?"

அர்த்தனாரி உச்சுக் கொட்டிவிட்டு, டீயில் தொட்டுத் தின்ன ஒரு வறுக்கி வாங்கி அவளிடம் கொடுத்தார்.

ஒப்பந்தம் கையெழுத்தானது. ரெட்டை டிரைவர், ஐந்து வருஷம். டீசல் மிச்சமாகிறது, டயர் தேய்மானம் குறைகிறது என்பதால் சாரதியையும் கம்பெனி விடவில்லை. அர்த்தனாரி கடைசியாக ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: ஆளுக்குத் தனியாக ஒரு பேட்டா.

"கையைக் கட்டிட்டு சும்மா உக்காந்திருக்கறவங்களுக்கு எதுக்குங்க இன்னொரு பேட்டா?" என்றான் குகன்ராஜ்.

"கைதாங்க சும்மா இருக்குது. வாய் வேலை செய்யுதில்ல? உங்க வக்கீலுக்கு நீங்க கைக்கா காசு குடுக்கறீங்க?"

குகன்ராஜ் தன் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் வேறெங்கோ பார்த்தார். ஒப்பந்தத்தில் அதற்கு 'வாய்மொழி உதவிப் படி' என்று பெயர். சங்ககிரி முழுக்க அதைச் சண்டைப் பேட்டா என்றே சொன்னார்கள்.

புது ஒப்பந்தத்தின் முதல் லோடு நாக்பூருக்கு. மாதையன் முகம் மழித்து, புதுத் துண்டோடு வந்தார். செங்கோடன் அவருக்குப் பிடித்த வெற்றிலைச் செட்டு வாங்கி வைத்திருந்தார்.

"எதுக்குய்யா செலவு?"

"இருக்கட்டும். முதுகு எப்படி இருக்குது?"

"எம் முதுகுக்கு என்ன?" என்று சொல்லிவிட்டு மாதையன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

செங்கோடன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக் கொடுத்தார். ஓமலூர் வரை இருவரும் ஊர்க் கதை பேசினார்கள். 'நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்' என்று செங்கோடன் ஒருமுறை சொன்னார். 'இல்ல, நீ சொன்னதுலயும் நாயம் இருக்குது' என்று மாதையன் சொன்னார்.

தொப்பூர் அடிவாரத்தில் வண்டி நின்றது. 'பாம் பாம்.'

"திட்டுய்யா" என்றார் செங்கோடன்.

"என்னன்னு திட்டறது? நீ ஒண்ணும் பண்ணலையே."

"எப்பவும் என்னத்தைப் பண்ணினேன்னு திட்டுவே? சும்மா திட்டு."

மாதையன் தொண்டையைச் செருமினார். "யோவ்... நாயே."

"ஏன்யா... பேயே."

வண்டி அசையவில்லை. பின்னால் ஹாரன்கள் ஆரம்பித்தன. செங்கோடனுக்கு வேர்த்தது. சங்கம் முழுக்க இந்த இரண்டு வாயை நம்பி இருக்கிறது. தொப்பூரில் வண்டி நின்றால் சண்டைப் பேட்டா போகும், பின்னாலேயே ரெட்டை டிரைவரும் போகும். கோபத்தை வரவழைக்க அவர் எதையெதையோ நினைத்துப் பார்த்தார். ஆபீசுக்குப் போய்த் தனியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த மாதையன்தான் நினைவுக்கு வந்தார். கண்தான் கரித்தது. அதை வைத்து வண்டி ஓட்ட முடியாது.

'பாம் பாம்.' பிறகு சாரதி பேசியது. செய்தி வாசிக்கிற அதே குரல்.

"பூந்தொட்டிகளைச் சாய்த்தது யார்?"

இருவரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவன்தான்!" என்றார் மாதையன்.

"யாரு, நானா? 'தூங்குடா, நான் முழிச்சுக்கிட்டு இருக்கறேன்'னு சொன்னது யாரு?"

"உன்னைய ஓட்டச் சொல்லிட்டுத் தூங்கச் சொல்லுவனாய்யா? கூறு கெட்டவனே!"

"சொன்ன! பொங்கல் தின்னுட்டு ஏப்பம் உட்டுக்கிட்டே சொன்ன!"

கியர் விழுந்தது. லாரி கணவாயில் ஏறியது. ஏற்றம் முழுக்க பூந்தொட்டி, பொங்கல், ஏப்பம், மாதையனின் தங்கை கல்யாணத்தில் செங்கோடன் சாப்பிடாமல் போனது என்று சண்டை தொடர்ந்தது. உச்சிக்கு வந்து ரோடு சமமானதும் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. வாயை மூடினார்கள்.

"அது பேசிச்சு" என்றார் மாதையன்.

"ம்."

"இன்னிக்கு மூட்டி உட்டுது. நாளைக்கு ரெண்டு பக்கமும் அதுவே பேசிக்கும். அப்பறம் நாம எதுக்கு?"

செங்கோடன் கூரையில் இருந்த காதைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "இது படி இறங்கக் கூடாது" என்றார்.

"இறங்காது" என்றார் மாதையன். 'இல்ல' என்று ஆரம்பிக்காமல் அவர் ஒத்துக்கொண்டது அநேகமாக அதுதான் முதல் தடவை.

நாக்பூர் போய்த் திரும்பி வந்து வண்டியை ஷெட்டில் விட்டபோது மிதுனா லேப்டாப்போடு காத்திருந்தாள். வயரை மாட்டினாள். புருவம் சுருங்கியது.

"தொப்பூர் அடிவாரத்துல வண்டி ரொம்ப நேரம் நின்னுருக்குது. என்னாச்சுங்கண்ணா?"

"டிராபிக்" என்றார் செங்கோடன்.

"பஞ்சர்" என்றார் மாதையன், அதே நொடியில்.

மிதுனா இருவரையும் பார்த்தாள். வழியில் எத்தனையோ நேரம் இருந்தும் ஒரு பொய்யைப் பேசி வைத்துக்கொள்ளத் தோன்றவில்லையே என்று செங்கோடன் தன்னையே நொந்துகொண்டார். சாரதியைக் கேட்டால் அது சொல்லிவிடும். மெஷினுக்குப் பொய் தெரியாது.

மிதுனா பெட்டியின் பக்கம் குனிந்தாள். "சாரதி, தொப்பூர்ல ஏன் நின்ன?"

செய்தி வாசிக்கிற அதே குரல் வந்தது.

"மாடு குறுக்கே வந்தது."

"மாடா?" அவள் திரையைப் பார்த்தாள். திரையில் தொப்பூர் ரோடு வெயிலில் காலியாகக் கிடந்தது. ஒரு காக்காய்கூட இல்லை. "என்ன மாடு?"

"செவலை மாடு. ஒரு கொம்பு மொண்ணை."

செங்கோடன் மாதையனைப் பார்க்கவில்லை. மாதையன் செங்கோடனைப் பார்க்கவில்லை. மிதுனா காலியான அந்த ரோட்டை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எதையோ தட்டச்சு செய்து லேப்டாப்பை மூடினாள்.

"மாடுன்னா நிக்கத்தானுங்கண்ணா வேணும்" என்றாள். "சாரதி இன்னும் நெறையக் கத்துக்க வேண்டியிருக்குது. சார்கிட்ட அப்படித்தான் எழுதியிருக்கறேன்."

அவள் போனபிறகு செங்கோடன் டேஷ்போர்டை லேசாகத் தட்டிக் கொடுத்தார். மாதையன் தன் துண்டை எடுத்து, கூரையில் இருந்த காதின் மேல் படிந்த தூசியைத் துடைத்தார்.

"இதையும் சங்கத்துல சேர்த்துரலாமாய்யா?"

"சேர்த்தா சந்தாவை யாரு கட்டறது?"

"நீதான். உன்னையப் பார்த்துத்தான கத்துக்கிச்சு."

"பொய் சொல்றது உன்னையப் பார்த்துல்ல கத்துக்கிச்சு!"

'பாம் பாம்' என்றது சாரதி. அடுத்த லோடு ஏற்ற, வண்டி தானாகக் கேட்டை நோக்கி நகர்ந்தது.